பறவை வந்துடுச்சா?

ஐப்பசி பிறந்துவிட்டால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. "சார், பறவை வந்துடுச்சா?" இதே கேள்விதான். காலையில் பல் தேய்க்கும்போது ஒருவர், தாம்பரத்தில் ரயில் ஏறும்போது ஒருவர், ஆபீஸ் மீட்டிங்கில் ஒருவர். பறவை ஏதோ நான் வரவழைத்து, இறக்கி வைத்து, ரசீது போட்டுக் கொடுக்கிற சரக்கு மாதிரி.

வேடந்தாங்கல் ஏரிக்கரையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பெரியம்மா வீடு. முன்னால் நாட்டு ஓடு, திண்ணை. பின்னால் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் இரண்டு அறை கட்டி, பறவை பார்க்க வருகிறவர்களுக்கு விடுகிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது. வனத்துறை விடுதியில் அறை கிடைக்காதவர்கள், போன வருஷம் வந்தவர்கள், அவர்கள் சொல்லி வருகிறவர்கள், அவ்வளவுதான். போன் நம்பர் மட்டும் என்னுடையது. காரணம், பெரியப்பா போனை எடுத்தால் வருகிறவர்களும் வரமாட்டார்கள். "தண்ணி வந்தா பறவை வரும். தண்ணி எப்ப வரும்னு மேல கேளு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

மரியாதை இல்லாத பதில்தான். ஆனால் அதைவிடச் சரியான பதிலை இத்தனை வருஷத்தில் நானும் கண்டுபிடிக்கவில்லை.

நவம்பர் முதல் மார்ச் வரை சீசன் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். தப்பில்லை. ஆனால் அது காலண்டரை வைத்து வருகிற சீசன் இல்லை. வடகிழக்குப் பருவமழை பெய்து, வாய்க்கால் ஓடி, ஏரி நிறைந்து, ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டும். அப்போதுதான் கூடு கட்டப் பாதுகாப்பு. பூனை, நரி, மனுஷன் யாரும் மரத்தடிக்கு வர முடியாது. கடப்ப மரம் என்று இங்கே சொல்வது நீர்க்கடம்பு. மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் அழுகாது. வேறு பல மரங்களாக இருந்தால் இரண்டே வருஷத்தில் விறகுதான். கூடவே கருவேல மரங்களும் உண்டு. மொத்த ஏரியே சுமார் 30 ஹெக்டேர்தான், அதாவது 75 ஏக்கருக்குள். முதல் தடவை வருகிறவர்கள் கரையில் ஏறியதும் "இவ்வளவுதானா?" என்பார்கள். பத்து நிமிஷம் கழித்து அந்தக் கேள்வியை மறந்திருப்பார்கள்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. வேடன் தங்கிய இடம் என்பதுபோல் சில பேர் விளக்கம் சொல்கிறார்கள். தொண்டை மண்டலத்தில் தாங்கல் என்றால் சின்ன ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் எல்லாம் அந்த வகைதான். இப்படிப் பல இடங்களில் ஏரி போய்ப் பெயர் மட்டும் மிச்சமாகிவிட்டது. இங்கே இரண்டும் இருக்கிறது. வேட்டைக்காரன் பெயரை வைத்துக்கொண்ட ஏரியில் ஒரு கொக்கின் மீதுகூடக் கல் விழக்கூடாது என்பது எனக்கு எப்போதும் சிரிப்பு வரவழைக்கும்.

அந்தக் கட்டுப்பாடு அரசாங்கம் போட்டதற்கு முன்னாலேயே ஊர் போட்டுக்கொண்டது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து நாரைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் போய்க் கலெக்டரிடம் முறையிட்டிருக்கிறார்கள். 1798-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், இங்கே பறவைகளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். 1858-ல் அந்த உரிமையைப் புதுப்பித்தும் வாங்கியிருக்கிறார்கள். காரணம் பறவைப் பாசம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் விழுகிற தண்ணீர் அது. மதகு வழியாக வயலுக்குப் போகும்போது பாதி உரம் அதிலேயே இருக்கிறது. பெரியப்பா மதகோரம் உட்கார்ந்து, பச்சையாக ஓடும் தண்ணீரைக் கையில் அள்ளிக் காட்டுவார். "இத மூட்டை கட்டி வித்தா என்ன விலை தெரியுமா?" என்பார். குடிக்கச் சொல்கிறாரோ என்று விருந்தாளிகள் ஓர் அடி பின்னால் போவார்கள்.

தீபாவளிக்கு ஊரில் வெடி கிடையாது. தீபாவளி வருவதும் பறவைகள் வந்து இறங்குவதும் ஏறக்குறைய ஒரே நேரம். சின்ன வயதில் லீவுக்கு வந்தால் எனக்கும் அண்ணனுக்கும் (பெரியம்மா பையன்) இது பெரிய குறை. மத்தாப்பு, சங்குசக்கரம் வரைக்கும்தான் அனுமதி. லட்சுமி வெடி வெடிக்க வேண்டும் என்றால் மதுராந்தகத்தில் சித்தி வீட்டுக்குப் பஸ் ஏற வேண்டும். போயிருக்கிறோம், பையில் வெடியோடு. இப்போது அண்ணன் பையன் அதே பையோடு அதே பஸ்ஸில் போகிறான்.

முதலில் வருவது பெரும்பாலும் நத்தைகுத்தி நாரை. பார்க்க அழகு என்று சொல்ல முடியாது. அழுக்கு வெள்ளை, கறுப்புச் சிறகு, மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் சேராமல் ஓர் இடைவெளி. பாக்குவெட்டியைப் பாதி திறந்து வைத்த மாதிரி. குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். நம்பாதவர்களுக்குப் பிப்ரவரியில் தொலைநோக்கியில் காட்டியிருக்கிறேன். வயலில் நத்தையைப் பிடித்தால் ஓட்டை உடைக்காது. கீழ் அலகின் நுனியை உள்ளே விட்டு, மூடியை ஒட்டியிருக்கும் தசையை அறுத்து, சதையை அப்படியே உருவி எடுத்துவிடும். ஓடு முழுசாகக் கிடக்கும். வரப்பில் அந்த ஓடுகளைப் பொறுக்கித் திண்ணையில் வரிசையாக வைப்பது என் மகளுடைய வேலை. போன தை மாதம் எண்ணிப் பார்த்தாள், நாற்பத்தியொன்று. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. கத்தி, ஊசி எல்லாம் எடுத்து அதேபோல் ஒரு நத்தையை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். பெரியம்மா அரிவாள்மனையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்.

அப்புறம் ஒவ்வொன்றாக வரும். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, சாம்பல் நாரை. எல்லாம் வெளிநாட்டுப் பறவை என்று ஒரு நினைப்பு வருகிறவர்களுக்கு உண்டு. "இது எந்த நாடு சார்?" என்று ஒவ்வொன்றையும் கேட்பார்கள். இங்கே கூடு கட்டுவதெல்லாம் நம் நாட்டுப் பறவைகள். குளிர்காலத்துக்கு வடக்கே இருந்து வருகிற ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் தங்கிவிட்டுப் போகிற விருந்தாளிகள், முட்டை இடாது. சைபீரியா என்று சொன்னால்தான் சிலருக்குக் காசு கொடுத்து வந்ததற்கு நிறைவு. நான் மாட்டேன். மேல்மருவத்தூர் பக்கத்து ஏரியிலிருந்து மீனைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிற கூழைக்கடாவில் என்ன குறை?

மார்கழி, தை இரண்டும் உச்சம். சாயங்காலம் நாலரை மணிக்குக் கரைமேல் நிற்க வேண்டும். காலையில் இரை தேடி வயல்களுக்கும் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும். கூழைக்கடா இறங்குவதைப் பார்த்தால் இவ்வளவு கனமானது எப்படிப் பறந்தது என்று தோன்றும். காலை முன்னால் நீட்டி, கிளை முறிகிற மாதிரி வந்து உட்காரும். குஞ்சு தலையைத் தாயின் தொண்டைப் பைக்குள் முழுசாக விட்டு மீனை எடுக்கும். கழுத்து வரைக்கும் உள்ளே. "ஐயோ, முழுங்குது!" என்று ஒரு குழந்தையாவது தினமும் கத்தும்.

சத்தத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நாரைகளுக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம். மேல் அலகையும் கீழ் அலகையும் படபடவென்று தட்டும், மூங்கில் குச்சிகளைத் தட்டுகிற மாதிரி. நீர்க்காகமும் வக்காவும் கரகரவென்று. குஞ்சுகளின் கூப்பாடு தனி. இரவு எட்டு மணிக்கு மேலும் அடங்காது.

வாடையைப் பற்றியும் சொல்வதில்லை. ஒரு தை மாதம், ராத்திரி பதினொன்றுக்கு அறையிலிருந்து போன். "சார், தப்பா நினைக்காதீங்க, ரூமுக்குப் பின்னால ஏதோ செத்துக் கிடக்குது போல." நான் தாம்பரத்தில். பெரியப்பாவை எழுப்பி, அவர் டார்ச் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்திருக்கிறார். ஒன்றும் இல்லை. காற்று ஏரிப் பக்கமிருந்து திரும்பியிருந்தது, அவ்வளவுதான். மீன் எச்சத்தின் வாடை. காலையில் அவர்களைக் கூப்பிட்டு, "இதுக்குத்தான் வந்தீங்க" என்றாராம். அன்றிலிருந்து அறை கேட்பவர்களிடம் வாடையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரில் ஒருவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்.

சாப்பாட்டில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஏரிக்கரை வீடு, ஏரி மீன் குழம்பு என்று கற்பனையோடு வருவார்கள். இந்த ஏரியில் மீன் பிடிக்கக் கூடாது, அது பறவைகளின் பங்கு. பெரியம்மா வைக்கிற விரால் குழம்பு மதுராந்தகத்திலிருந்து பைக்கில் வருகிறது. யாராவது "ஏரி மீனா?" என்று கேட்டால் "ஆமா, ஏரி மீன்தான்" என்பார். எந்த ஏரி என்று அவர்கள் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

பறவைகள் சாயங்காலம்தான். பகல் முழுக்க என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காக அண்ணன் ஒரு ஆட்டோ ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார். பக்கத்தில் கரிக்கிலி. அதுவும் சரணாலயம், 1989-ல் அறிவித்தது. கூட்டமே இருக்காது. மரம் குறைவு, திறந்த தண்ணீர் அதிகம். வாத்துகளுக்கு அதுதான் பிடிக்கும். 2022-ல் இரண்டு ஏரிகளுக்கும் ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலை என்ற அங்கீகாரம், ஒன்றாகக் கிடைத்தது. வேடந்தாங்கலில் கரைமேல் செல்பி எடுக்கிற கூட்டத்தைப் பார்த்து வெறுத்துப் போனவர்களைக் கரிக்கிலிக்கு அனுப்பிவிடுவேன். மேல்மருவத்தூர் வேண்டும் என்பவர்கள் தைப்பூசத்துக்கு முன்னால் போனால் சிவப்பு உடைக் கூட்டத்தில் ஜி.எஸ்.டி. சாலையிலேயே அரைநாள் போய்விடும். எச்சரித்துவிட்டேன்.

மதுராந்தகம் வேறு கதை. அங்குள்ள கோயிலில் ராமருக்கு ஏரி காத்த ராமர் என்றே பெயர். இங்கேதான் மகிழ மரத்தடியில் பெரிய நம்பி ராமானுஜருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் என்ற வைணவ தீட்சை செய்து வைத்தார் என்பதால் வைணவர்களுக்கு முக்கியமான இடம். எனக்கு முக்கியமான ஆள் நம் பழைய கலெக்டர் பிளேஸ் துரை. மழையில் ஏரி உடையும் நிலை. தாயார் சந்நிதி கட்டப் பணம் கேட்ட ஊர்க்காரர்களிடம், உங்கள் சாமி ஏரியைக் காப்பாற்றட்டும் பார்க்கலாம் என்றாராம். ராத்திரி கரைக்குப் போனபோது வில்லும் அம்புமாக இரண்டு பேர் கரைமேல் காவல் நிற்பதைப் பார்த்தாராம். ஏரி உடையவில்லை, சந்நிதி கட்டிக் கொடுத்தார். இது தலபுராணம். ஆனால் தாயார் சந்நிதியில் அவர் பெயர் தமிழில் கல்லில் வெட்டியிருக்கிறது, போய்ப் படிக்கலாம். இந்தக் கதையைச் சொன்னால் பெரியப்பா தலையாட்டுவார். "ராமர் காத்தாரு, சரி. அன்னிக்கு ராத்திரி மண்ணு மூட்டை தூக்கினவன் பேரு எந்தக் கல்லுல இருக்கு?" என்பார்.

அவருக்காகவே நான் விருந்தாளிகளை உத்திரமேரூருக்கும் அனுப்புகிறேன். குடவோலைக் கல்வெட்டு அங்கேதான். முதலாம் பராந்தக சோழன் காலம், 919, 921 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வெட்டியது. பாடப் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குக் கீழ், சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வது. பாடப் புத்தகம் வேகமாகத் தாண்டிப் போகிற இடம் எதற்காக இந்தத் தேர்தல் என்பது. சம்வத்சர (ஆண்டு) வாரியம், தோட்ட வாரியம், மூன்றாவதாக ஏரி வாரியம். ஆறு பேர், 360 நாள் பதவி. ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஆள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த ஊர் ஏரிக்கு வைரமேகத் தடாகம் என்று பெயர்.

இதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் அடுத்து நிற்க முடியாது. அவன் மட்டுமல்ல, உறவுக்காரர்களின் ஒரு பெரிய பட்டியலே நிற்க முடியாது. சின்னம்மா, பெரியம்மா மக்கள் உட்பட. அதாவது, விடுதிக் கணக்கை நான் ஒழுங்காகக் காட்டாவிட்டால் பெரியம்மா பையனுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சுவர் முன்னால் நிறுத்தி இதைச் சொன்னேன். சிரிக்கவே இல்லை. "கார்த்திகை மாசக் கணக்கு எங்கடா?" என்றார்.

கணக்கு என்றதும் 2016 ஞாபகம் வருகிறது. 2015 டிசம்பர் மழையில் ஏரி நிரம்பி வழிந்து அந்த சீசன் அமோகம். அந்தத் தைரியத்தில் அடுத்த அக்டோபரில் எட்டுப் பேர் குழு ஒன்றிடம் முன்பணம் வாங்கிவிட்டேன். "வந்துடும் சார், எப்பவும் வரும்" என்று சொன்னதும் நான்தான். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. ஏரியில் நடுவே குட்டை மாதிரி கொஞ்சம் தண்ணீர். மரங்கள் காய்ந்த தரையில் நின்றன. சில கொக்குகள், சில நீர்க்காகங்கள். கூழைக்கடா வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டது. நான் என் கண்ணால் பார்த்தேன், இறங்கவே இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனாலும் அந்தக் குழுவில் ஒருவர், "ஏமாத்து வேலை" என்று செய்தி அனுப்பியிருந்தார். பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். "சரியாத்தான சொல்லியிருக்கான்?" என்றார். "மழை உன் சொந்தக்காரனா?"

அவருக்குக் கவலை வேறாக இருந்தது. ஏரி நிறையாவிட்டால் பறவை மட்டுமா இல்லை? அந்த வருஷம் நவரைப் போகமே கிடையாது. செங்கல்பட்டுப் பக்கம் மூன்று போகம்: சித்திரையில் ஆரம்பிக்கும் சொர்ணவாரி, ஆவணிக்கு மேல் சம்பா, மார்கழி தையில் நடுகிற நவரை. கடைசியாகச் சொன்னது முழுக்க ஏரித் தண்ணீரை நம்பி. நாற்றங்காலில் நத்தைகுத்தி நடக்கிறதா இல்லையா என்பதை வைத்தே அந்த வருஷம் வீட்டில் அரிசி எப்படி என்று பெரியம்மா சொல்லிவிடுவார்.

2020-ல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் சுற்றுவட்டத்தை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் யோசனை வந்தபோது நிறைய எதிர்ப்பு எழுந்தது. சென்னையில் பலர் புரியாமல் கேட்டார்கள், ஏரியைத் தொடவில்லையே, என்ன பிரச்சினை என்று. ஏரியில் பறவை தூங்குகிறது, குஞ்சு பொரிக்கிறது. சாப்பிடுவது அந்தச் சுற்றுவட்டத்து வயலிலும் குட்டையிலும். படுக்கையறையை விட்டுவைத்துவிட்டு சமையலறையை எடுத்துக்கொள்கிறேன் என்றால்?

பங்குனி வந்தால் ஊசிவால் வாத்து கிளம்பிவிடும். மஞ்சள்மூக்கு நாரை கொஞ்சம் தாமதமாகக் கூடு கட்டும் என்பதால் அதன் குஞ்சுகள் மட்டும் கடைசி வரை இருக்கும். சித்திரையில் சரணாலய வாசலில் ஆள் குறைந்துவிடும். சாலையோரம் தர்பூசணிக் குவியல், நுங்கு. ஏரி வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். மாடு மேயும்.

நிஜத்தைச் சொன்னால் எனக்கு அந்த மாதங்கள்தான் அதிகம் பிடிக்கும். ஒரு வருஷம் ஆனி மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் தவறுதலாக வந்துவிட்டார். மாதத்தை மாற்றிப் புரிந்துகொண்டாரா, நான் மாற்றிச் சொன்னேனா, தெரியவில்லை. திருப்பி அனுப்ப மனசில்லாமல் பணம் வேண்டாம் என்றேன். "வந்தது வந்தாச்சு" என்று மூன்று நாள் தங்கினார். தினமும் காலையில் பெரியப்பாவோடு கிளம்பிவிடுவார். கூடு இருந்த மரங்களைத் தூரத்திலிருந்து எண்ணுவது, வரத்துக் கால்வாயில் மண் எங்கே மேடு தட்டியிருக்கிறது என்று பார்ப்பது, மதகில் ஒட்டியிருக்கும் பாசியை வைத்துப் போன வருஷம் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் நின்றது என்று சொல்வது. இரண்டு பேருக்கும் பேச நிறைய இருந்தது போல. பெரியப்பா ஒருவரிடம் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

போகும்போது அவர் அடுத்த வருஷத்துக்கும் அறை சொல்லி வைத்தார். எந்த மாசம் என்று கேட்டேன்.

"இதே ஆனிதான். வேற யாரும் வரமாட்டாங்கல்ல?"

நேற்றுக் காலையும் ஒரு போன் வந்தது, சீக்கிரமாகவே, புரட்டாசிகூட முடியவில்லை. வழக்கமான கேள்விதான். தாம்பரத்தில் தூறிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் சார் என்று சொல்லிவிட்டு இன்னொரு போனில் பெரியப்பாவைக் கூப்பிட்டேன், அங்கே மழையா என்று கேட்க. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பெரியம்மா எடுத்தார். பெரியப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கால்வாய்ப் பக்கம் போயிருக்கிறாராம்.